காவடிக்கு ஒரு கரண்ட் பெட்டி

என் ஓரகத்தி செய்த பெட்டி சூடாகவே இல்லை. எனக்கு முதலில் பொறுக்காமல் போனது அதுதான். காலையில் பேட்டரியை இணைத்து, மேசை முழுக்க எல்.இ.டி. சரங்களைப் பரப்பி எரியவிட்டவள், மதியச் சாப்பாடு வரைக்கும் அப்படியே விட்டிருந்தாள். யாரும் பார்க்காதபோது போய் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கோவில் தூணைத் தொட்ட மாதிரி இருந்தது. போன வருஷம் நான் செய்த பெட்டியை நினைத்துக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர் ஈரத் துண்டைச் சுற்றித்தான் பிடித்திருந்தார்.

திருத்தணியில் மலைக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கமும் மாடியும் வீடு. கல்யாணம், கிருத்திகை, ஊர்த் திருவிழா என்று சீரியல் செட்டும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறோம். ஏணி ஏறுவது, ஒயர் கட்டுவது, பேரம் பேசுவது எல்லாம் என் கணவர். பழுது பார்ப்பதும், புதிதாக ஏதாவது தேவைப்பட்டால் செய்து கொடுப்பதும் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். ஜன்னல் ஓரம் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அதில் சால்டரிங் அயர்ன், லென்ஸ் வைத்த விளக்கு, முன்னால் ஒரு சுழல்நாற்காலி. அந்த நாற்காலியில் இருக்கும்போது மட்டும் யாரும் என்னை வெங்காயம் உரிக்கக் கூப்பிட மாட்டார்கள். மாமியாரே இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார். கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிற மைக் செட்காரர்கூட என் கணவரிடம், "நீ இரு நைனா, அம்மா இருக்காங்களா? ஆம்ப்ளிஃபயர் கொண்டாந்துகிறேன்" என்பார். வேறு என்ன வேண்டும் எனக்கு?

தை மாதத்தில் இவள் வந்தாள். என் கணவரின் தம்பி மனைவி. இன்ஜினியரிங் படித்தவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பவர் சப்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தாள். கம்பெனி பஸ் எங்கள் ஊர் வரைக்கும் வராது என்றதும் வேலையை விட்டுவிட்டாள். மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலி நாளுக்கு நாள் என் மேசையை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருந்தது.

அவள் என்னைவிட அழகு. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகச் சால்டர் வைக்கிறாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அவள் வைக்கிற ஒவ்வொரு புள்ளியும் பளபளவென்று, குட்டி மலை மாதிரி கூம்பி நிற்கும். என்னுடையது உருண்டையாக இருக்கும். வேலை செய்யும், ஆனால் உருண்டைதான்.

எங்கள் தொழிலுக்கு ஆடிக் கிருத்திகைதான் பெரிய நாள். புஷ்பக் காவடி எடுக்கிறவர்கள் இப்போதெல்லாம் பூவோடு நிறுத்துவதில்லை, வளைவு முழுக்க எல்.இ.டி. கட்டுகிறார்கள். ஒருவர் வாங்கி வந்த சரம் ஐந்து வோல்ட்டில் எரியும், இன்னொருவருடையது பன்னிரண்டு கேட்கும், ஆந்திராப் பக்கத்திலிருந்து வருகிறவர் இரண்டையும் கலந்து கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அதனால் பேட்டரிக்கும் சரத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி வேண்டும். குமிழைத் திருப்பினால் கேட்கிற வோல்ட்டைக் கொடுக்கிற பெட்டி.

நான் செய்து வந்த பெட்டி பழைய மாதிரி. உள்ளே இருபத்து நான்கு வோல்ட் வந்தால், வெளியே ஐந்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் சூடாக்கி வீணடிக்கும். மலை உச்சிக்குப் போவதற்குள் பேட்டரி தூங்கிவிடும். ஓரகத்தி போட்டது ஸ்விட்சிங் சர்க்யூட். அது கரண்டைக் கண்ணிமைக்கிற நேரத்தில் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். அப்படித் துண்டு துண்டாக வருவதைக் காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்து ஒரே சீராக்கிக் கொடுக்கும். வேண்டிய அளவுதான் உள்ளே வருகிறது, வீணாவது கொஞ்சம்தான், அதனால்தான் அந்தச் சில்லிப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நானும் படித்ததுதான். என் கணவர் போன வருஷமே கேட்டார். "அதெல்லாம் ரெடிமேடா வாங்கறது, நம்ம கையால ஆவாதுங்க" என்று நான்தான் சொன்னேன். அவள் வந்தாள், கம்ப்யூட்டரில் படம் போட்டாள், போர்டு வரவழைத்தாள், கையால் ஆகும் என்று காட்டிவிட்டாள்.

காயிலைக்கூடக் கடையில் வாங்கவில்லை. மோதிரம் மாதிரியான ஒரு வளையத்தின் மேல் செம்புக் கம்பியை அவளே சுற்றினாள். நான் பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். எழுதப் பழகுவதற்கு முன்னால் நூல் சுற்றப் பழகிய கை இது. சுற்றுகிற வேலையிலாவது என்னை மிஞ்ச முடியாது என்று நினைத்தேன். அவள் சுற்றியதை எடுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று, இடைவெளியும் இல்லை, ஏறியும் இல்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் நானும் ஒன்று சுற்றிப் பார்த்தேன். பாதியில் ஒரு சுற்று இன்னொன்றின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குப்பைக்கூடையில் போட்டேன். அவள் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று திரும்ப எடுத்து, கம்பியைப் பிரித்து நேராக்கி வைத்தேன்.

என் கணவர் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டார். கீழே 'எங்க வீட்டு இன்ஜினியர்' என்று எழுதியிருந்தார். அதே மேசையில் இத்தனை வருஷம் நான் எத்தனை போர்டு உயிர்ப்பித்திருப்பேன்? ஒன்றுக்காவது போனைத் தூக்கினாரா மனுஷன்? ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு என் அம்மாவே எனக்குப் போன் செய்து, "பரவால்லியே, நீ இம்மா நல்லா பண்ணுவியா?" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சார்ஜ் இல்லை என்று போனை வைத்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒருநாள் மாமியார் கடைப்பக்கம் வந்தார். இந்தமுறை தள்ளி நிற்கவில்லை. மேசையின் மேலேயே கையை ஊன்றினார்.

"பெரியவளே, கிருத்திகைக்கு நம்ம வூட்டுக் காவடிக்கு சின்னவ பொட்டியே கட்டலாம். நல்லபடியா மல ஏறி எறங்கிச்சுனா, இந்த மேசைய அவகிட்டயே வுட்டுடு. நீ முன்னால கல்லாவுல குந்து. கண்ணு நோவுதுன்னு சொல்லிகினு இருந்தியே."

கண் நோவுகிறது என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் மிளகாய் அரைத்த அன்று.

"இன்னாங்க, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அம்மா சொல்றதுல இன்னா தப்பு? ரெண்டு பேரு ஒரே மேசையில குந்த முடியுமா?" என்றார்.

ஆக, அந்த வருஷக் காவடியில் என் மேசையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் அவள் பெட்டியில் குறை தேட ஆரம்பித்தேன். வேலை நன்றாக வர வேண்டுமே என்ற அக்கறை எல்லாம் இல்லை. பொறாமைதான், சுத்தமான பொறாமை. அவள் மாடிக்குப் போகும்போதெல்லாம் மூடியைத் திறப்பேன். லென்ஸ் விளக்கைப் போட்டு ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பேன். டையோடு சரியானது. கப்பாசிட்டர் தேவைக்கு மேலேயே பெரியது. ஒயருக்குக்கூட உறை மாட்டியிருந்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியதே தவிர ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒரு மத்தியானம், குமிழ் இருந்த இடத்தில் கண் நின்றது.

ஸ்விட்சிங் சர்க்யூட்டில் ஐ.சி. என்கிற சின்னச் சில்லுதான் சமையல்காரி. வெளியே போகிற வோல்ட்டில் ஒரு துளியை எடுத்து அது ருசி பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். அந்த ருசியை அதன் நாக்குக்குக் கொண்டுபோவது இரண்டு ரெசிஸ்டர்கள். ஒன்று மேல் பக்கம், ஒன்று கீழ்ப் பக்கம். இரண்டில் ஒன்றுக்குப் பதிலாகத்தான் குமிழை வைப்போம். இவள் மேல் பக்கம் வைத்திருந்தாள். புத்தகத்தில் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் குமிழுக்குள் இருக்கிற தகடு ஒரு கணம் தொடுப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? ஐ.சி.க்கு ருசியே வராது. உப்பே போடவில்லை போலிருக்கிறது என்று ஜாடியைக் கவிழ்த்துவிடும். ஐந்து வோல்ட் சரத்துக்குள் பேட்டரியில் இருக்கிறதெல்லாம் பாயும். காவடி மொத்தமும் கருகிப்போகும்.

தகடு ஏன் தொடுப்பு விட வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனியில் விடாது. திருத்தணியில் விடும். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் எங்கள் கடைக்கு வருகிற ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றிலும் வால்யூம் குமிழ் கரகரவென்று இருக்கும். கழற்றித் தட்டினால் விபூதி கொட்டும். காவடியின் மேல் கைப்பிடி கைப்பிடியாக விபூதியை அள்ளி வீசுகிற ஊர் இது. காற்றெல்லாம் விபூதிதான். பம்பை அடிக்கிற வேகத்துக்குக் காவடி வேறு குலுங்கும். சாதாரணக் குமிழ் தாங்காது.

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"ஏம்மா, குமிழ மேல வெச்சிகிறியே, உள்ள விபூதி பூந்துச்சுனா இன்னா ஆவும்னு பாத்தியா?"

"தோ, ஆரம்பிச்சுட்டா" என்றார் மாமியார்.

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உனுக்கு இன்னா, பொறாமையா?" என்று கேட்டார்.

"ஆங், பொறாமதான். பொறாமைல சொன்னா ரெசிஸ்டர் எடம் மாறி குந்திக்குமா?"

கொழுந்தன் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான். பொறாமைக்காரி சொல்கிற சர்க்யூட்டை யார் கேட்பார்கள்? ஓரகத்தி மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விபூதியாக்கா? அது எப்பிடி உள்ள போவும்?"

எழுந்து போய், கழற்றிப் போட்ட பழைய குமிழ்கள் இருந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினேன். வெள்ளையாகக் கொட்டியது. எச்சில் கையோடு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கீழ்ப் பக்கம் வெச்சா, தொடுப்பு வுட்டாலும் உப்பு ஜாஸ்தின்னு நெனச்சிகினு அது கைய கட்டிக்கும். லைட்டு அணையும், அவ்ளோதான். கருகாது" என்றேன்.

"சரிதான்க்கா. ஆனா கீழ வெச்சா குமிழோட அளவு ஒரு பக்கம் நெருக்கிக்கும். பன்னெண்டு கிட்ட வரும்போது தொட்டாலே எகிறும்."

அது உண்மை. அதை நான் யோசித்திருக்கவில்லை. குறை கண்டுபிடித்த சந்தோஷம் அதோடு போயிற்று. அவள் கையைக் கழுவிவிட்டு நேராக மேசைக்குப் போனாள். குமிழோடு சேர்த்து ஒரு நிலையான ரெசிஸ்டரைப் போட்டு எகிறுவதை அடக்கினாள். சாயங்காலத்துக்குள் குமிழ் கீழ்ப் பக்கம் வந்திருந்தது.

மாமியார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் வாசலில் நின்று சொன்னார்: "எவ்ளோ படிச்சிகிறா, ஒரு கர்வம் கெடயாது. பெரியவ சொன்னதக்கூட கேட்டுக்கறா பாரு. அது பெரிய மனசு."

சொன்னவள் நான். பெரிய மனசு அவளுக்கு. அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று சாயங்காலம் சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு, என் கணவர் மஞ்சள் வேட்டியோடு காவடியைத் தோளில் ஏற்றினார். காவடியின் அடிக்கட்டையில் பெட்டியைக் கட்டியிருந்தோம். பேட்டரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழுந்தன் பின்னால் வந்தான். ஓரகத்தி காவடிக்கு இடது பக்கம், நான் வலது பக்கம். முன்னால் பம்பைக்காரர்கள். மாமியார் தட்டு நிறைய விபூதியோடு எங்களுக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

பாதி மலையில் இருட்ட ஆரம்பித்ததும் ஓரகத்தி விளக்கைப் போட்டாள். காவடி வளைவு முழுக்க நீலமும் பச்சையும் ஓடியது. வெள்ளை சாமந்திக்கு நடுவில் அந்த வெளிச்சம் ஓடியதைப் பார்த்து, இறங்கி வருகிறவர்கள்கூட நின்று போனைத் தூக்கினார்கள். "யாரு போட்டது?" என்று ஒருவர் கேட்க, மாமியார் பெருமையாக ஓரகத்தியைக் கைகாட்டினார். என் மேசை என்னை விட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜாண் தூரம் போனது.

படிகளுக்கு நடுவில் கொஞ்சம் அகலமான இடம் வந்தது. பம்பை வேகம் எடுத்தது. என் கணவருக்கு அருள் வந்துவிட்டது. காவடி சுற்றிச் சுற்றி ஆடியது. "அரோகரா!" என்று மாமியார் இரண்டு கையாலும் விபூதியை அள்ளி வீசினார். ஒரு கை காவடி மேல், ஒரு கை சரியாகப் பெட்டி மேல்.

காவடி அணைந்தது.

"ஐயையோ, முருகா!" என்று மாமியார் அலறினார். பம்பை தடுமாறி நின்றது. ஓரகத்தி ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்து, குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். விளக்குகள் திரும்ப வந்தன. நான் வளைவை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஒரு விளக்குகூடப் போகவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது என் கண் முன்னால் அப்படியே நடந்திருந்தது.

மேலே சாமி பார்த்துவிட்டு, காவடியை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம். மாமியார் ஆரம்பித்தார்.

"பாதி வழியில காவடி அணைஞ்சுது. நல்லதுக்கில்ல. சின்னவ பொட்டி மேல நம்பிக்க வெச்சது தப்பு. மேசை பெரியவகிட்டயே இருக்கட்டும்."

கணவர் களைப்போடு தலையாட்டினார். ஓரகத்தி தரையைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. தன் பெட்டி சரியாகத்தான் வேலை செய்தது என்று அவளுக்குத் தெரியும். புது மருமகள் சாமி சன்னிதியில் மாமியாரை மறுத்துப் பேச வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

மேசை என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது. பிரசாதத்தை வாயில் போட்டு மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் காவடி அணைந்தது என் வேலை. அத்தனை ஜனங்களுக்கு நடுவில் நான் யோசித்தது நான் யோசித்தபடியே நடந்தது. அந்த இருட்டையும் இவள் பேரில் எழுதப் பார்க்கிறார்களே! வெளிச்சம்தான் அவளுடையதாகப் போயிற்று, இருட்டாவது எனக்கு வேண்டாமா? குற்றமாக இருந்தால்கூட அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவளால அணையல, அத்த. என்னாலதான் அணைஞ்சுது" என்றேன்.

"இன்னாடி சொல்ற?"

"அணையணும்னுதான் குமிழ மாத்த சொன்னேன். அவ பொட்டில ஒரு தப்பும் இல்ல."

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "அப்போ, எம் புள்ள காவடிய அணைச்சது நீயா?"

"ஆங். நான்தான்."

சமையல்காரி, நாக்கு, உப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். மேல் பக்கம் இருந்திருந்தால் காவடியே கருகியிருக்கும் என்றேன். கணவர் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, "போதும், வுடு" என்றார். மாமியார் முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒருத்திக்குப் புரிந்தது. ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சொன்னது எவ்வளவு சரி என்பதும், அதை ஏன் வாயை மூடிக்கொள்ளாமல் உளறினேன் என்பதும் இரண்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மலையில் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். போயும் போயும் அவள்தானா என்று இருந்தது.

மறுநாளே மேசை கைமாறியது. காவடியை அணைத்தவள் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுக்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். இப்போது நான் கல்லாவில். ஆர்.கே.பேட்டையிலிருந்தும், ஆந்திராப் பக்கத்திலிருந்தும் பெட்டி கேட்டு வருகிறார்கள். "இன்ஜினியரம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். நான் உள்ளே கைகாட்டுகிறேன். "அக்கா, இத கொஞ்சம் பாரேன்" என்று அவள் கூப்பிடும்போது, கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து போவேன்.

அவள் சாப்பிட மாடிக்குப் போகிற நேரத்தில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். முடித்து வைத்திருக்கிற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு தடவையாவது மறந்துபோய் மேல் பக்கம் வைத்திருப்பாள் என்றுதான் பார்க்கிறேன். இதுவரைக்கும் வைக்கவில்லை.